பல்சக்கரத்துக்கு வேலை கொடுங்கள்: ஸ்டீம்பங்க் அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் கடிகாரம் பழுது பார்த்தவர். நீராவிக் காலத்து இயந்திரம் போல நான் முதன்முதலாகச் செய்த மேசை விளக்கை அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். விளக்கின் அடிப்பாகம் முழுக்கப் பித்தளை நிறத்தில், சிறிதும் பெரிதுமாகப் பல்சக்கரங்கள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நடுவில் இருந்த ஒரு சக்கரத்தின் மேல் விரலை வைத்து, “கண்ணு, இது எதைச் சுத்துது?” என்று கேட்டார்.

அது எதையும் சுற்றவில்லை. பக்கத்துச் சக்கரத்தோடு அதன் பல் சேரவில்லை. நடுவில் அச்சும் இல்லை. பசை மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சாவி மாட்டும் பலகை, பேனா ஸ்டாண்ட், சுவர்க் கடிகாரம், ரேடியோப் பெட்டி என்று எதைச் செய்தாலும் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பசையைத் திறக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் கொண்டுவந்து காட்டும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகின்றன. மீதி எல்லாம் பசை, பெயின்ட், ஈரம் பற்றிய சங்கதிகள்.

ஸ்டீம்பங்க் என்ற சொல் பழையது இல்லை. 1987-ல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் முதலில் வந்தது. விக்டோரியா ராணி ஆண்ட காலத்து (1837–1901) நீராவி இயந்திரங்களே உலகை நடத்தியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்யும் கதைகளுக்கு வைத்த பெயர் அது. பிறகு உடைக்கும் நகைக்கும் வீட்டுப் பொருளுக்கும் பரவியது. பித்தளை, செம்பு, தோல், கருத்த மரம், திறந்து தெரியும் இயந்திரம் என்பதுதான் அதன் முகம்.

பல்சக்கரம் மட்டும் நீராவி ஆகாது

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நீராவி ரயில் எஞ்சினின் சக்கரத்தைச் சுழற்றுவது பல்சக்கரம் அல்ல. சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதோடு பிணைத்த இரும்புத் தண்டுகள்தான் சக்கரத்தைத் தள்ளிச் சுற்றுகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் இதற்கு விலக்கு. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய பட்டை உண்டு, எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறுகிறது.

ஆக, பல்சக்கரம் கடிகாரத்திலிருந்தும் ஆலை இயந்திரத்திலிருந்தும் வந்த உறவு. நீராவியின் சொந்தங்கள் வேறு: குழாய், வால்வு, அழுத்தம் காட்டும் மீட்டர், ரிவெட் அடித்த தகடு, தண்டு. ஒரு பொருளில் பத்துப் பல்சக்கரத்துக்குப் பதில் இரண்டை வைத்து, ஒரு செம்புக் குழாயும் பழைய பிரஷர் கேஜும் சேர்த்துப் பாருங்கள். பார்ப்பவர் மனதில் உடனே ஒரு பாய்லர் எழும்.

சேலத்தில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் இங்கிலாந்துப் படங்களைப் பார்த்து நகலெடுப்பதும் எனக்குத் தவறாகவே படுகிறது. அம்மாபேட்டைப் பக்கம் போனால் பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளையிட்ட அட்டைகள் மாலை போலத் தொங்கும். எந்தத் துளை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப நூல் எழும்பிப் பூ விழும். பிரான்சில் 1804-ல் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு அது. சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் பெரிய கணக்கு இயந்திரத்தைத் திட்டமிட்டபோது, அதற்குக் கட்டளை கொடுக்க இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். முழுதாகக் கட்டி முடிக்கப்படாத அந்த இயந்திரம்தான் ஸ்டீம்பங்க் கற்பனையின் செல்லப் பிள்ளை. தேய்ந்து ஒதுக்கிய அட்டைகளை ஒரு தறிக்காரரிடம் கேட்டு வாங்கி, விளக்குக்கு மறைப்பாகச் சுற்றினேன். துளை வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சுவரில் விழுந்தது. பல்சக்கரமே இல்லாத அந்த விளக்கைத்தான் நான் செய்ததிலேயே உண்மையான ஸ்டீம்பங்க் என்று சொல்வேன்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழத்தோல் நீக்கும் கைப் பல்ப்பரும் அப்படித்தான். வார்ப்பிரும்பில் பெரிய சக்கரம், அதில் கைப்பிடி, உள்ளே புடைப்புத் தகடு சுற்றிய உருளை. கை சுற்றினால் சக்கரம், சக்கரம் சுற்றினால் உருளை, உருளை சுற்றினால் கொட்டை பிரியும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு பார்வையில் புரிகிறது. நாம் செய்யும் பொருளிலும் அந்த வழி தெரிய வேண்டும்.

பல் சேராத சக்கரங்கள்

புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் கரும்பு ஜூஸ் பிழிபவரிடம் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு மெஷினின் பக்கவாட்டைப் பாருங்கள். சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றும். வேகம் குறைந்து பலம் கூடும். சிறியதில் 10 பல், பெரியதில் 40 பல் என்றால் சிறியது நான்கு சுற்றுச் சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்று. உருளைகளின் முனையில் கோத்திருக்கும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றுவதால்தான் கரும்பு உள்ளே இழுபடுகிறது. அந்த மெஷினில் சும்மா இருக்கும் சக்கரம் ஒன்றுகூட இல்லை.

இதிலிருந்து பிறக்கும் முதல் விதி: பக்கத்தில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் பல் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். லேத் பட்டறையில் இதை மாட்யூல் என்பார்கள். சக்கரத்தின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் பொதுவாக மாட்யூல் கிடைத்துவிடும். வெளி விட்டம் 22 மி.மீ., பல் 20 என்றால் மாட்யூல் 1. அதே மாட்யூலில் 40 பல் சக்கரத்தை அதோடு கோக்க வேண்டுமானால் அச்சுக்கு அச்சு 30 மி.மீ. தள்ளி வையுங்கள். இரண்டு பல் எண்ணிக்கையையும் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, பாதியாக்கினால் வரும் கணக்கு அது.

இரண்டாவது விதி: மூன்று சக்கரங்களை முக்கோணமாக ஒன்றோடொன்று கோத்து ஒட்டக் கூடாது. கடையில் விற்கும் ரெடிமேட் அலங்காரங்களிலேயே இந்தத் தவறு நிறைய இருக்கிறது. முதல் சக்கரம் வலப்பக்கம் சுற்றினால் இரண்டாவது இடப்பக்கம் சுற்ற வேண்டும். மூன்றாவதோ இரண்டையும் தொட்டுக்கொண்டிருப்பதால் எந்தப் பக்கமும் சுற்ற முடியாது. மூன்றும் பூட்டிக்கொள்ளும். இயந்திரம் தெரிந்தவர் கண்ணில் இது உடனே உறுத்தும். நம் ஊரில் இயந்திரம் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

உங்கள் சக்கரம் சுற்றத்தான் வேண்டும் என்பதில்லை. ஒட்டி வைத்ததாகவே இருக்கட்டும். ஆனால் நடுவில் ஒரு திருகோ ஆணித் தலையோ அச்சாக நிற்கட்டும். ஓட்டையோடு வெறுமனே கிடக்கும் சக்கரம் சட்டையிலிருந்து அறுந்து விழுந்த பித்தான் மாதிரிதான் தெரியும்.

ஒட்டக் கூடாத இடங்கள்

ஹெல்மெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி ஓட்டும்போது போடும் ஹெல்மெட்டில் துளை போட்டோ பசை தடவியோ சக்கரம் பொருத்தாதீர்கள். சில பசைகளிலும் ஸ்ப்ரே பெயின்டிலும் இருக்கும் கரைப்பான் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் ஓட்டினை வெளியே தெரியாமல் பலவீனமாக்கும். துருத்திக்கொண்டிருக்கும் உலோகம் நீங்கள் விழும்போது சாலையில் மாட்டித் தலையைத் திருப்பிவிடும். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர முத்திரை (ஐ.எஸ். 4151) அந்த ஓடு தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டும் பிள்ளைகளிடம் இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அலங்காரம் வேண்டுமானால் உடைந்து ஒதுக்கிய பழைய ஹெல்மெட்டில் செய்து அலமாரியில் வையுங்கள்.

சுவர்க் கடிகாரத்தில் முள்ளின் மேல் சக்கரம் ஒட்டுவது அடுத்தது. ஒரு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷினுக்கு அந்த மெல்லிய முள்ளை நகர்த்தும் அளவுக்குத்தான் பலம். கொஞ்சம் எடை கூடினாலும் 6-லிருந்து 12-க்கு ஏறும் வழியில் நிமிட முள் திணறி நின்றுவிடும். சக்கரங்களை டயலில் வையுங்கள், முள்ளைத் தொடாதீர்கள்.

மொபைல் உறையில் உலோகச் சக்கரம் வைத்தால் வயர்லெஸ் சார்ஜரில் வைக்கும்போது சூடாகும், சிக்னலும் குறையலாம். லேப்டாப்பில் காற்றுத் துளையை மூடாதீர்கள். டபரா டம்ளரை அலங்கரிப்பதாக இருந்தால் வாய் படும் விளிம்பையும் உள்பக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிப்பான எதையும் வைக்கக் கூடாது என்பது பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான்.

பசை, பெயின்ட், மலை ஈரம்

உடனே ஒட்டும் சூப்பர் குளூவை உலோகத்துக்கு எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் அது காய்ந்தால் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை கொண்டது, ஒரு தட்டுத் தட்டினால் சக்கரம் கழன்றுவிடும். காயும்போது எழும் ஆவி பக்கத்தில் வெள்ளைப் புகை படிந்தது போல் ஒட்டிக்கொள்ளும். கடிகாரக் கண்ணாடிக்கு அருகில் அதைப் பயன்படுத்தினால் கண்ணாடியே மங்கிவிடும். மரத்துக்கான வெள்ளைப் பசை உலோகத்தில் நிற்கவே நிற்காது.

இரண்டு டியூப்பாக வரும் எபாக்ஸிதான் சரி. அதிலும் முக்கால்வாசி வேலை பசைக்கு முன்னாலேயே இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய சக்கரத்தில் வருடக்கணக்கான கிரீஸ் இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஒட்டும் பக்கத்தை மட்டும் 120-ம் நம்பர் எமரித்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. எபாக்ஸியைச் சம அளவு எடுத்து நிதானமாகக் கலக்குங்கள். ராத்திரி முழுக்க அசையாமல் விடுங்கள், ஐந்து நிமிடத்தில் காயும் என்று எழுதியிருந்தாலும்.

பிளாஸ்டிக் அல்லது எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) சக்கரத்துக்குத் தங்க நிற ஸ்ப்ரே அடித்து அப்படியே விட்டுவிடுவது இன்னொரு பரவலான தவறு. அது கல்யாண மண்டபத்து அலங்காரம் போல மின்னும், இயந்திரம் போல இருக்காது. ஓடிய சக்கரத்தை உற்றுப் பாருங்கள்: பல்லும் பல்லும் உரசும் பக்கம் பளபளக்கும், பல்லின் அடிப்பள்ளத்தில் கருப்புக் கிரீஸ் தங்கியிருக்கும். முதலில் முழுக்கக் கருப்பு அடியுங்கள். காய்ந்ததும் பித்தளை நிறத்தைப் பிரஷ்ஷில் தொட்டு, காகிதத்தில் துடைத்து, மிச்சம் இருக்கும் துளியை மேடான இடங்களில் மட்டும் தேய்த்து எடுங்கள். பத்து நிமிட வேலை, பார்வைக்கு ஐம்பது வயது கூடிவிடும்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் பெயின்டுக்கு நாள் பார்க்க வேண்டும். மூடுபனி இறங்கும் நேரத்தில் லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சை அடித்தால் காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெண்மையாகப் பூத்துவிடும். வெயில் ஏறி, தரை காய்ந்த பிறகு அடியுங்கள். அங்கே இன்னொன்றும் உண்டு. பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்து ஈரமும் சேர்ந்தால் இரும்பு வழக்கத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தோல் வாஷர் அல்லது ஒரு பூச்சு லாக்கர் போதும்.

ஓடும் கடிகாரத்தைப் பிரிக்காதீர்கள்

சக்கரத்துக்காக நல்ல கைக்கடிகாரத்தை உடைப்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. கடிகாரம் ஒன்றை உடைத்துவிட்டால் அது திரும்ப வராது. ஒரு தாத்தாவின் கையில் நாற்பது வருடம் ஓடியதை ஒரு காதணிக்காகப் பிரிக்க வேண்டாம். கடிகாரம் பழுது பார்ப்பவர்களிடம் உயிர் போன மெஷின்கள் டப்பா டப்பாவாக இருக்கும், மரியாதையாகக் கேட்டால் தருவார்கள்.

அவற்றைப் பிரிக்கும்போதும் இரண்டு எச்சரிக்கை. சுருள்வில் இருக்கும் உருளையை முழுதாகத் தளர்த்தாமல் திறந்தால் வில் பாய்ந்து விரலையோ கண்ணையோ கிழிக்கும். இருட்டில் ஒளிர்ந்த மிகப் பழைய டயல்கள், முட்களின் பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி அணைந்துபோனாலும் கதிர்வீச்சு அணைவதில்லை. அந்தப் பூச்சைச் சுரண்டவும் தேய்க்கவும் கூடாது, தூள் மூச்சில் போனால் ஆபத்து. அப்படிப்பட்ட டயலை வாங்காமலே விடுங்கள்.

கடைசியாக, சுற்றும் சக்கரம் வைத்தவர்களுக்கு மட்டும். பல்லும் பல்லும் இறுகக் கோக்காமல் ஒரு காகிதத் தடிமன் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் சிக்கும். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். சேலத்தில் செய்து ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொடுத்த, கைப்பிடியால் சக்கரம் சுற்றும் பெட்டி, மார்கழிக் காலையில் அசையவே மறுத்தது அதனால்தான். பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு அச்சைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். உடனே சுற்றியது.