'மிகச் சிறந்த ஆசிரியர்' என்று எழுதினால் போதாது: இளம் பேராசிரியரை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி

பத்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு பரிந்துரைக் கடிதம் இன்னும் என் கணினியில் கிடக்கிறது. எங்கள் துறையில் சேர்ந்து மூன்றாண்டு ஆன ஓர் உதவிப் பேராசிரியைக்காக எழுதியது. கற்பித்தலுக்கும் மாணவர் வழிகாட்டலுக்கும் இளம் ஆசிரியர்களுக்குத் தரும் விருது அது. இரண்டு பக்கக் கடிதம். "அர்ப்பணிப்பு மிக்கவர்", "மாணவர்களின் அன்புக்குரியவர்", "எந்நேரமும் அணுகக்கூடியவர்" என்று வரிக்கு வரி புகழ்ந்திருந்தேன். விருது கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு என்னையே தேர்வுக்குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் நாற்பது கோப்புகளைப் படிக்க வேண்டியிருந்தது. ஏழெட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் எழுதிய அதே கடிதம்தான், பெயர் மட்டும் வேறு. அதன்பின் ஆறு முறை அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் துறையில் விருதுக்குத் தகுதியான இளையவர் ஒருவர் இருந்து, அவருக்காக நீங்கள் எழுதப் போகிறீர்கள் என்றால், அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

அறிவிப்பு வந்தபிறகு தொடங்காதீர்கள். அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் நடுவே மூன்று வாரம் இருக்கும். அதற்குள் ஞாபகத்துக்கு வருவது உரிச்சொற்கள்தான், நிகழ்ச்சிகள் வராது. ஒரு சின்ன நோட்டு போதும். தேதி போட்டு, பார்த்ததை இரண்டு வரி எழுதி வையுங்கள். "நன்றாக நடத்தினார்" என்று எழுதாதீர்கள், என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

நான் தவறவிட்டது என்ன தெரியுமா? அந்த ஆசிரியை முதல் தேர்வு விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் மதிப்பெண் இருக்காது. சிவப்புக் கோடும் இருக்காது. தவறு தொடங்கும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சிறு புள்ளி, அவ்வளவுதான். அதற்குக் கீழே வருவதெல்லாம் அந்தத் தவறின் பிள்ளைகள், அவற்றைத் திருத்தி என்ன பயன் என்பார். புள்ளி ஏன் அங்கே விழுந்தது என்று மாணவர் இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தால்தான் மதிப்பெண் தெரியும். மூன்றாண்டு பக்கத்து அறையில் இருந்து இதைப் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அடுத்து, மாணவர் மதிப்பீட்டு எண்கள். ஐந்துக்கு 4.7 என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். குழுவில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அந்த எண் அங்கேயே இளைத்துவிடும். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், தேர்வும் எல்லோருக்கும் பொது. அந்தத் தரவை வைத்து கேரல், வெஸ்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சங்கடமான விஷயம் வந்தது. மாணவர்களிடம் நல்ல மதிப்பெண் வாங்கும் ஆசிரியர்களின் வகுப்பு அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்கிறது, ஆனால் அதைத் தொடர்ந்து வரும் பாடத்தில் பின்தங்குகிறது. ஆகவே நான் இப்போது முதலில் செய்வது, அடுத்த பருவத்தில் அதே மாணவர்களுக்குத் தொடர்பாடம் எடுப்பவரிடம் போய்க் கேட்பது: "அவர் வகுப்பிலிருந்து வந்த பிள்ளைகளிடம் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?" அவர் எழுதித் தரும் அரைப்பக்கத்துக்கு 4.7ஐ விட எடை அதிகம்.

எண் குறைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டு விவாதித்துக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். இளம் ஆசிரியர் புதுமுறை ஒன்றைத் தொடங்கிய பருவத்தில் மதிப்பீடு சரிவது சகஜம். "இந்தப் பருவத்தில்தான் முறையை மாற்றினார், எண் இறங்கியது, மறுபருவம் இதைத் திருத்தினார்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். குழு தானாகக் கண்டுபிடித்தால் அது குறை. நீங்கள் சொன்னால் அது அவர் கற்ற கதை.

பெண் ஆசிரியர் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இணையவழிப் பாடம் எடுத்த ஆணும் பெண்ணும் ஆளுக்கு ஒரு பிரிவில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மாணவர் 43 பேர்தான், சிறிய ஆய்வு. விடைகளை ஒரே நேரத்தில்தான் திருத்திக் கொடுத்தார்கள். இருந்தும் "சீக்கிரம் திருத்தித் தந்தாரா" என்ற கேள்விக்கு ஆண்பெயருக்கு 4.35, பெண்பெயருக்கு 3.55. சீக்கிரம் என்பதிலேயே இப்படி என்றால் மற்றதைக் கேட்கவா வேண்டும்?

வகுப்புக்கும் போய் உட்காருங்கள். சொல்லிவிட்டுப் போங்கள், இரண்டு முறையாவது போங்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்காமல் மாணவர்களைப் பாருங்கள். கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று மனதுக்குள் எண்ணுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு விநாடிக்கு மேல் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே விடைகள் நீள்கின்றன என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். "கேட்டார், ஏழு விநாடி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை, பிறகு ஜன்னலோரத்தில் ஒரு கை எழுந்தது" என்று ஒரு கோப்பில் படித்தேன். குழுவில் எல்லோருக்கும் அந்த வகுப்பு கண்முன் வந்துவிட்டது.

கற்பித்தலுக்காவது சாட்சி உண்டு. வழிகாட்டல் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. அதனால் பெரும்பாலான கோப்புகளில் அது ஒரு பத்தியில் முடிந்துவிடும்: இத்தனை மாணவர்களுக்கு நெறியாளர், இத்தனை பேருக்கு ஆலோசகர். அதைப் படித்து எதுவும் தெரியாது. மாணவர் கடிதங்கள்தான் வழி, யாரிடம் வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். முதலிடம் வாங்கியவரிடம் போகாதீர்கள், அவர் யாரிடம் படித்திருந்தாலும் முதலிடம் வாங்கியிருப்பார். பாதியில் படிப்பை விட நினைத்தவர் ஒருவர், பாடம் மாறிப் போனவர் ஒருவர், ஆய்வு எதிர்பார்த்தபடி வராமல் போனவர் ஒருவர் என்று தேடுங்கள். அந்த ஆசிரியரிடம் இப்போது மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் மாணவரிடம் கேட்கவே கூடாது. கேட்பதும் நீங்களாகவே இருங்கள், ஆசிரியர் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

"ஒரு கடிதம் கொடுங்கள்" என்று கேட்டால் வாழ்த்து மடல்தான் வரும். நான் இரண்டு கேள்வி கேட்பேன். அவரைப் பார்க்கப் போகும் முன் என்ன செய்வதாக இருந்தீர்கள்? பார்த்துவிட்டு வந்தபின் என்ன செய்தீர்கள்? ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: "நான் அவரிடமே ஆய்வு செய்யப் போனேன். வேண்டாம், உன் கேள்விக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இரண்டு மாடி மேலே இருக்கிறார் என்று சொல்லி, அப்போதே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தினார்." ஆய்வு மாணவர் எண்ணிக்கையை வைத்தே தங்களை எடைபோடும் ஊரில் இளம் ஆசிரியர் ஒருவர் நல்ல மாணவியை வேறொருவரிடம் விட்டுக்கொடுத்திருக்கிறார்! குழு அந்தக் கோப்பில் இருபது நிமிடம் நின்றது. மாணவரின் வீட்டுக் கதை, உடல்நலக் கதை எதையும் உருக்கத்துக்காகச் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அனுமதி கேட்டு, பெயரை எடுத்துவிடுங்கள்.

எழுத உட்காரும்போது ஒரு சோதனை செய்யுங்கள். உரிச்சொற்களை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். என் பழைய கடிதத்தில் அப்படிச் செய்தபோது தேதியும் கையெழுத்தும்தான் மிஞ்சின. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து டிரிக்ஸ், சென்கா இருவரும் 2003இல் எழுதினார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குட்டையாக இருந்தன, சந்தேகம் கிளப்பும் சொற்கள் கூடுதலாக இருந்தன. 'அவருடைய' என்றதும் ஆணுக்கு ஆராய்ச்சியும் பெண்ணுக்குக் கற்பித்தலும் வந்து ஒட்டிக்கொண்டன. 'பாசமானவர்', 'தாய்போல' என்று எழுதக் கை போனால் நிறுத்திவிட்டு, அவர் அன்று எடுத்த முடிவு என்ன என்று எழுதுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே அவரிடம் சம்மதம் கேளுங்கள். ஆராய்ச்சியே பெரிது என்று நினைக்கும் பல்கலைக்கழகங்களில், கற்பித்தல் விருது வாங்கிய இளையவரைப் பார்த்து "ஆராய்ச்சியில் மனம் இல்லையோ" என்று முணுமுணுக்கும் பழைய வழக்கம் உண்டு. விருது கிடைத்தால் அது பதவி உயர்வுக் கோப்பில் எப்படிப் பதிவாகும் என்று துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது உங்கள் வேலை.

நீங்களே விருதை நடத்துபவர் என்றால் சுருக்கமாகச் சில. இத்தனை ஆண்டுக்குள் என்று வரம்பு வைத்தால் பிள்ளைப்பேறு, நோய் விடுப்புகளைக் கழித்து எண்ணுங்கள். ஒப்பந்த ஆசிரியர்களையும் சேருங்கள், பெரிய வகுப்புகளைச் சுமப்பவர்கள் பல இடங்களில் அவர்கள்தான். தேர்வாகாதவருக்கு ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். கேடயம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு பருவம் ஒரு பாடத்தைக் குறைத்துக் கொடுத்தால் அதைத்தான் அவர் மறக்கமாட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஆசிரியைக்கு மறுபடி எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான். பென்சில் புள்ளியில் தொடங்கினேன், ஏழு மாத நோட்டு கையில் இருந்தது. மாணவர் கடிதங்களை அவருக்குக் காட்டவில்லை. என் கடிதத்தை மட்டும், தகவல் சரிதானா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் காலை என் மேசையில் இருந்தது. திருத்தம் எதுவும் இல்லை. மூன்றாவது பத்தியில் ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் ஒரு சிறு புள்ளி. பழைய பழக்கத்தில் அங்கே "எந்நேரமும் அணுகக்கூடியவர்" என்று எழுதியிருந்தேன்.