இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர் பசங்களே, நாலு வருஷத்த உருப்படியா ஓட்டுறது எப்படி?

கவுன்சிலிங் முடிஞ்சு அண்ணா யூனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்ல சேந்துட்டு முழிச்சிட்டு இருக்க தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது.

மொதல்ல உங்க பேட்ச்சுக்கு எந்த ரெகுலேஷன் (சிலபஸ், மார்க், பாஸ் ரூல்ஸ் எல்லாம் இருக்க யூனிவர்சிட்டி விதி)னு பாத்து அந்த பிடிஎஃப்ப ஒருதடவ படிங்க, பாதி பேரு கடைசி வருஷம் வரைக்கும் அத தொறந்தே பாக்க மாட்டாங்க. 2021 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60, அதனால "கடைசி ராத்திரி படிச்சுக்கலாம்"ங்குற கதையெல்லாம் வேலைக்காகாது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம், அதுல வெளையாடாதீங்க. ஃபர்ஸ்ட் செம் மேத்ஸ்ல கப்பு விழுந்துச்சுன்னா, அதாவது ஃபெயில் ஆனா, உடனே க்ளியர் பண்ணுங்க, ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாஸ் பண்ணாத பேப்பர்) இருந்தா நெறைய கம்பெனி ப்ளேஸ்மென்ட்ல உள்ளயே விடாது, நீங்க எவ்ளோ கோடிங் தெரிஞ்சவரா இருந்தாலும் சரி.

அடுத்து லேப். என்னக் கேட்டா நீங்க கட்டுற ஃபீஸுக்கு உண்மையிலயே ஏதாவது கெடைக்குற எடம் இதுதான். ஒரு சிஆர்ஓவ (சிக்னல ஸ்க்ரீன்ல வேவா காட்டுற மெஷின்) சுத்தி பெரிய கூட்டம் நிக்கும், ரெண்டு பேரு கனெக்ஷன் குடுப்பாங்க, மிச்சப்பேரு ரீடிங்க காப்பி அடிச்சு அப்சர்வேஷன் நோட்ல சைன் வாங்கிட்டு கேன்டீனுக்கு போயிடுவாங்க. நீங்க அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா இருங்க. ப்ரெட்போர்ட்ல (சால்டரிங் இல்லாம சர்க்யூட் சொருகிப் பாக்குற போர்டு) வயர் லூசா இருந்தா வேவ்ஃபார்ம் எப்படி ஆடும், க்ரவுண்ட் விட்டுப்போனா ஸ்க்ரீன்ல என்ன வரும்னு கைய வச்சு பாத்தாதான் தெரியும், வைவால (வாய்வழி கேள்வி) வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் நோண்டுறதும் அங்கதான். அப்புறம் லேப் அசிஸ்டன்ட் அண்ணாகிட்ட நல்லா பழகிக்கோங்க, ப்ராஜெக்ட் டைம்ல சாயங்காலம் சால்டரிங் அயர்ன் எடுத்து குடுக்கப்போறது அவருதான், ஹெச்ஓடி இல்ல (எந்த ட்ராயர்ல நல்ல ப்ரோப் இருக்குன்னும் அவருக்கு மட்டும்தான் தெரியும்).

காலேஜ் லைப்ரரி சுமாரா இருந்தா சென்னை பசங்க கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு போங்க, மதுரை பக்கம்னா 2023ல தொறந்த கலைஞர் நூலகம் இருக்கு. ஏசில உக்காந்து நிம்மதியா படிக்கலாம்.

க்ளாஸ்ல ஒண்ணுமே புரியலையா, என்பிடெல்ல (ஐஐடிக்காரங்க நடத்துற ஆன்லைன் கோர்ஸ் சைட்) அதே சப்ஜெக்ட ஐஐடி ப்ரொஃபசர் நடத்துறத பாருங்க. ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ கோர்ஸ் ஆரம்பிக்கும், சேர காசு இல்ல, சர்டிஃபிகேட் வேணும்னா எக்ஸாமுக்கு மட்டும் ஃபீஸ். மார்க்குல 25 சதவீதம் அசைன்மென்ட்டு, அத வாராவாரம் டெட்லைனுக்கு முன்னாடி சப்மிட் பண்ணிடுங்க, மிஸ் பண்ணா மறுபடி ஓப்பன் ஆகாது.