பனிக்குட நீர் 'சரி' என்றால் பிள்ளையை எடுத்துவிடலாமா?

பங்குனி கடைசியில் சேலத்து மகப்பேறு மருத்துவர்களிடம் வரும் கேள்வி இது: "சித்திரை பொறக்குறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிரலாமா? வேணும்னா பனிக்குடத் தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்களேன்." வயிற்றில் பிள்ளைக்கு 36 வாரம்தான் ஆகியிருக்கும்.

பெரிய தவறு இதுதான். அந்தச் சோதனை சொல்வது நுரையீரலைப் பற்றி மட்டும். மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு ஊறிவிட்டதா என்று பார்ப்பார்கள். அந்த நீரில் உள்ள லெசித்தின், ஸ்பிங்கோமயலின் என்ற இரண்டு கொழுப்புகளின் விகிதம் 2-ஐத் தொட்டால் நுரையீரல் முற்றிவிட்டது என்ற கணக்கு 1971-இல் அமெரிக்க மருத்துவர் குளக்கின் குழுவினர் தந்தது. சரி, நுரையீரல் முற்றிவிட்டது. பால் சப்பத் தெம்பு வேண்டாமா? உடல் சூடும் சர்க்கரையும் இறங்காமல் நிற்க வேண்டாமா? மஞ்சள் காமாலை? தக்க காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் சிசேரியன் வேண்டாம் என்பது இதனால்தான். பஞ்சாங்கம் தக்க காரணம் ஆகாது.

நாள் கணக்கைச் சரிபார்க்க இந்தச் சோதனையை நம்புவதும் தவறு. கடைசித் தீட்டு நினைவில்லை என்றால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் கைகொடுக்கும். அதில் ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது. ஒன்பதாம் மாத ஸ்கேனில் மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகலாம். ஏற்காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து முதல் ஸ்கேனுக்கே தாமதமாக இறங்கி வருகிறவர்களுக்குச் சிக்கல் இங்கேதான்.

'முற்றவில்லை' என்று முடிவு வந்தால் பதற வேண்டாம். 'முற்றியது' என்பதை நம்பலாம். 'முற்றவில்லை' என்று வந்த பிள்ளைகளில் பலர் பிறந்ததும் நன்றாகவே மூச்சு விடுகிறார்கள். தாய்க்குச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் மட்டும், விகிதம் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

லேபில் நடக்கும் பிழை வேறு. சர்ஃபாக்டன்டைப் பொதிந்து வைத்திருக்கும் லேமெல்லார் துகள்களை எண்ணிப் பார்ப்பது இன்னொரு முறை. ரத்த அணு எண்ணும் மெஷினிலேயே எண்ணலாம், தட்டணு அளவில்தான் இருக்கும். ஆனால் நீரில் ரத்தம் கலந்தால் அதன் தட்டணுக்களும் கணக்கில் ஏறிவிடும். பழக்கதோஷத்தில் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிட்டால் துகள்கள் அடியில் போய்விடும், எண்ணிக்கை பொய்யாகக் குறையும்.

இன்று இந்தச் சோதனை அரிதாகிவிட்டது. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் நுரையீரலைச் சீக்கிரம் முற்றவைக்க, தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி வந்ததுதான் முக்கியக் காரணம். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கியது அது. 34 வாரத்துக்குள் வலி கண்டால் சோதனை, முடிவு என்று காத்திருப்பது வீண். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போட அரசு வழிகாட்டுதலில் இடமுண்டு. மலையிலிருந்து கிளம்புகிறவர்கள் அதைக் கேட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் நேரமும் மருந்தின் கணக்கில் சேரும்.