அரேயில் அடுத்ததையும் முந்தையதையும் எடுப்பது எப்படி? ஓரத்தில்தான் வம்பு

அரே என்பது பொருள்களை வரிசையாக அடுக்கிய பட்டியல், அதில் ஒவ்வொன்றின் இட எண்தான் இண்டெக்ஸ். இண்டெக்ஸோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்தது, ஒன்றைக் கழித்தால் முந்தையது, இதற்குப் போய் ஒரு விளக்கமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு போட்டோ கேலரிக்கு இரண்டே இரண்டு பட்டன் வைக்க உட்கார்ந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதோடு மல்லுக்கட்டுகிற வரைக்கும்.

ஜாவாஸ்கிரிப்டையே எடுத்துக்கொள்வோம். அதில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும்.

படங்கள் = ["கடல்", "மலை", "ஆறு", "காடு", "வயல்"]

எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் ஆறு இருப்பது 2-இல். படங்கள்[2 + 1] என்றால் காடு, படங்கள்[2 - 1] என்றால் மலை. நடுவில் நிற்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. வயலுக்கு அடுத்து எது? படங்கள்[5]. கடலுக்கு முன்னால்? படங்கள்[-1]. இரண்டுமே இல்லாத இடங்கள், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் எரர் காட்டாமல் கமுக்கமாக 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு எதுவும் இல்லை) என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். பைத்தானில் இன்னும் கூத்து: 5 கேட்டால் எரர் போட்டு நிறுத்துகிற அதே மொழி, -1 கேட்டால் கடைசியில் இருக்கும் வயலை எடுத்து நீட்டும்.

அதனால் புரோகிராம் எழுதும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்களுடையது முனை உள்ள வரிசையா, சுற்றி வரும் வட்டமா? வரிசை என்றால் இடம் (இப்போது நிற்கும் இண்டெக்ஸ்) < நீளம் (மொத்தப் பொருள்களின் எண்ணிக்கை) - 1 என்று இருந்தால் மட்டும் அடுத்தது, இடம் > 0 என்று இருந்தால் மட்டும் முந்தையது, மற்ற நேரம் பட்டனை மங்கலாக்கிவிடுங்கள், அவ்வளவுதான். வட்டம் என்றால் வகுத்தால் வரும் மீதி (அதற்கான குறி %) கை கொடுக்கும்:

அடுத்தது = (இடம் + 1) % நீளம்
முந்தையது = (இடம் - 1 + நீளம்) % நீளம்

இரண்டாவது வரியில் நீளத்தைக் கூட்டுவது ஏன்? ஜாவாஸ்கிரிப்டில் -1 % 5 என்பது -1-தான், பைத்தானில் அது 4. சி, ஜாவா, பிஹெச்பி எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் கட்சி. நீளத்தை முதலிலேயே கூட்டிவிட்டால் எந்த மொழியிலும் 4 வந்துவிடும். காலி அரே வந்தால் இந்தக் கணக்கு படுத்துவிடும் (பூஜ்யத்தால் வகுக்க முடியாதே), அதை மட்டும் முன்னாடியே தடுத்துவிடுங்கள்.

சரி, என் ராத்திரியைத் தின்றது இதெல்லாம் இல்லை. இப்போது திரையில் இருக்கும் படத்தின் பெயரைக் கொடுத்து, 'இண்டெக்ஸ்ஆஃப்' மூலம் அதன் இடத்தைத் தேடி, அதோடு ஒன்றைக் கூட்டினேன். பட்டியலில் இல்லாத பெயர் போனால் அது -1 தரும். -1 + 1 = 0. ஆக, அழித்துவிட்ட படத்தில் நின்று 'அடுத்தது' அழுத்தினால் எரர் எதுவும் இல்லாமல் முதல் படம் வந்து நிற்கிறது, நானோ மீதிக் கணக்கில் தப்பு என்று நினைத்து அதையே திருப்பித் திருப்பிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். -1 வந்ததா என்று பார்த்த பிறகே கூட்டுங்கள். பிஹெச்பியில் தேடும் ஃபங்ஷன் கிடைக்காதபோது 'ஃபால்ஸ்' (பொய்) தரும், கணக்கில் அது 0, அதோடு ஒன்றைக் கூட்டினால் 1, அதாவது இரண்டாவது படம்!

ஒரே பொருள் இரண்டு முறை இருந்தால் இன்னொரு பொறி. ["கடல்", "மலை", "கடல்", "காடு"] என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் தொடங்கி அடுத்தது அழுத்தினால் மலை, மறுபடி அழுத்தினால் கடல், மறுபடி அழுத்தினால் மலை. தேடல் எப்போதும் முதல் கடலையே கண்டுபிடிப்பதால், நாள் முழுக்க அழுத்தினாலும் காடு வரவே வராது. இதற்கு மருந்து, பொருளை நினைவில் வைக்காமல் இடத்தையே ஒரு மாறியில் வைத்துக்கொள்வது. என்னைக் கேட்டால் எப்போதுமே இதைத்தான் செய்ய வேண்டும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் முழு அரேயையும் தேடும் வேலையும் மிச்சம்.

இடத்தை வைத்துக்கொண்டால் அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். முதலில் பார்த்த ஐந்து படப் பட்டியலில் 2-இல் இருக்கும் ஆற்றை அழித்தால் காடு தானாகவே 2-க்கு நகர்ந்துவிடும், அடுத்ததைக் காட்ட ஒன்றைக் கூட்டவே கூடாது, கூட்டினால் காட்டைத் தாண்டி வயலுக்குப் போய்விடுவீர்கள். நிற்கும் இடத்துக்கு முன்னால் இருப்பதை அழித்தால் இடத்தில் ஒன்றைக் குறையுங்கள், பின்னால் இருப்பதை அழித்தால் தொடவே வேண்டாம். கடைசியில் நின்றுகொண்டு அதையே அழித்தால், புது இடம் வரிசைக்கு (அழித்த பிறகு உள்ள) நீளம் - 1, வட்டத்துக்கு 0.