ஜேசிபியைக் கூப்பிடும் முன்: கொல்லைப்புறக் குட்டையை மீட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்தூர், கொசப்பூர், வடபெரும்பாக்கம் எல்லாம் நகரத்தோடு சேர்வதற்கு முன் கிராமங்கள். அதனால் இன்றைக்கும் வடசென்னையில் சில பழைய வீடுகளுக்குப் பின்னால், தானாக அமைந்த குட்டை ஒன்று ஆகாயத்தாமரை மூடி, பாதி கட்டட ரப்பீஸோடு கிடக்கும். அதைத் தூர்த்து கார் நிறுத்த இடம் பண்ணாமல், மீட்டெடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தாலே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நல்ல எண்ணத்தோடு செய்த வேலையிலேயே குட்டை ஒரேயடியாகச் செத்துப்போவதும் உண்டு. குட்டை ஏன் கெட்டது என்று பார்க்காமல், கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை மட்டும் அவசரமாக அள்ளுவதால் வருகிற வினை அது.

முதல் தவறு, நீர்வரத்தைப் பார்க்காதது. நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய்க் குட்டையைச் சுற்றி நடங்கள். மொட்டைமாடித் தண்ணீர் எங்கே இறங்குகிறது, தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் நுழைகிறது, பக்கத்து வீட்டுச் சமையலறைக் குழாய் எங்கே முடிகிறது, செப்டிக் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஆகாயத்தாமரை மாதத்துக்கு மாதம் இரட்டிப்பாகப் பெருகினால், கழிவுநீரின் சத்து உள்ளே வருகிறது என்று அர்த்தம். கொசுவும் துப்புக் கொடுக்கும். இரவில் கடிக்கிற கியூலெக்ஸ் கொசு சாக்கடை கலந்த தேங்கலில்தான் அதிகம் முட்டையிடும். டெங்கு பரப்பும் ஏடிஸுக்குக் குட்டையே தேவையில்லை. கரையோரம் கிடக்கிற டயரும் தேங்காய் ஓடும் போதும். கழிவுநீர்க் குழாயை அடைக்காமல் எத்தனை தடவை சுத்தம் செய்தாலும், அடுத்த ஆண்டு அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

இரண்டாவதுதான் பெரிய தவறு: ஜேசிபியை இறக்கி ஆழமாகத் தோண்டுவது. ஒரே நாளில் முடிந்துவிடும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும். ஆனால் குட்டையில் தண்ணீரை நிறுத்தி வைப்பது அடியில் இருக்கிற களிமண் படுகை. சட்டியில் ஓட்டை விழுந்த மாதிரி, அந்தப் படுகையை ஓர் இடத்தில் உடைத்தாலும் ஐப்பசி மழையில் நிரம்பிய தண்ணீர் தை மாதத்துக்குள் காணாமல் போகும். எர்ணாவூர், திருவொற்றியூர் மாதிரி கடலோர மணல் பகுதி என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

ஆகவே சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றியிருக்கும்போது ஆட்களை வைத்து மண்வெட்டியால் அள்ளுங்கள். மேலே இருப்பது கருப்பாக, குழகுழவென்று, அழுகிய முட்டை வாடை அடிக்கிற சேறு. அதற்குக் கீழே நிறம் மாறி, மண்வெட்டி விறைப்பாக இறங்கும். அங்கே ஒரு பிடி மண் எடுத்து ஈரமாக்கி, உள்ளங்கையில் உருட்டிப் பென்சில் கனத்துக்குத் திரித்து வளையுங்கள். உடையாமல் வளைந்தால் அது களிமண். அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதிலும் முழுக் குட்டையையும் ஒரே கோடையில் அள்ள வேண்டாம். பாதியை இந்த ஆண்டு, மீதியை அடுத்த ஆண்டு என்று வைத்துக்கொண்டால், சேற்றில் உறங்குகிற தவளையும் நத்தையும் விதைகளும் தப்பிக்கும்.

ஏற்கெனவே கசிகிறதோ என்று சந்தேகம் இருந்தால், தண்ணீர் இருக்கும்போது ஒரு பக்கெட்டில் குட்டைத் தண்ணீரையே நிரப்பி, குட்டைக்குள்ளேயே கல் வைத்து நிறுத்துங்கள். உள் மட்டம், வெளி மட்டம் இரண்டுக்கும் கோடு போடுங்கள். சில நாள் மழையில்லாமல் போனபின், பக்கெட்டில் குறைந்தது வெயில் குடித்தது. குட்டையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் அது கசிவு.

அள்ளிய சேறு நல்ல உரம்தானே என்று கீரைப் பாத்தியில் கொட்டுகிறார்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் அதை யோசிக்காமல் செய்யக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எர்ணாவூர்ப் பகுதி வீடுகளுக்குள்ளேயே படிந்தது. அந்த வெள்ளம் ஏறிய குட்டை என்றால் சேற்றைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே வருகிற வானவில் படலத்தைக் குச்சியால் கோடு போட்டது மாதிரி கீறினால், சில்லுச்சில்லாக உடைந்து அப்படியே நிற்பது பெரும்பாலும் இரும்புச்சத்தில் வாழும் பாக்டீரியா, பயமில்லை. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். அந்தச் சேற்றையும், தொழிற்சாலைக்கு அருகில் அள்ளிய சேற்றையும், சோதனைக்கூடத்தில் உலோகங்களுக்குப் பரிசோதிக்காமல் சாப்பிடுகிற செடிக்குப் போடவே வேண்டாம்.

ஆகாயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிப்பது கூடவே கூடாது. செத்த செடி உள்ளேயே அழுகி, தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். வேரோடு கையால் இழுத்து, ஒரு நாள் கரையோரமே போட்டு வையுங்கள். வேரில் ஒளிந்திருக்கிற பூச்சியும் குஞ்சும் தண்ணீருக்குத் திரும்பட்டும். அப்புறம் தள்ளிக் கொண்டுபோய் மக்க விடலாம். ஆனால் கோரை, அல்லி, கரையோரப் பொன்னாங்கண்ணி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். மழைக்குப் பின் தண்ணீர் பச்சையாக மாறினால் பிளீச்சிங் பவுடர் போடத் தோன்றும். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். சத்தைச் செடிகள் இழுத்துக்கொண்டதும் தெளியும்.

கோடையில் வற்றுகிறதே என்று போர்வெல் தண்ணீர் விடுவதும் தவறு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. உப்பு நீரை விட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு மட்டும் தங்கும். குளோரின் கலந்த லாரித் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் தாங்காது. வற்றுகிற குட்டை கோடையில் வற்றட்டும், அது அதன் இயல்பு. மொட்டைமாடி மழைநீரை ஒரு ஜல்லித் தொட்டி வழியாகக் குட்டைக்குத் திருப்பினால் அதுவே போதும்.

சுற்றிலும் செங்குத்தாக சிமென்ட் சுவர் எழுப்பினால் தவளை ஏற முடியாது, மடையான் நின்று மீன் பிடிக்க இடமில்லை, தவறி விழுகிற குழந்தையும் ஏற முடியாது. மூன்றடி நீளத்துக்கு ஓரடி இறங்குகிற சரிவு நல்லது. குழந்தைகள் இருந்தால் சற்றுத் தள்ளி வேலி போடுங்கள்.

இன்னொன்று, குட்டை உங்கள் பட்டாவில்தான் இருக்கிறதா என்று வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். புறம்போக்கு என்றிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு கூடை மண்கூட அள்ள வேண்டாம்.

கடைசியாக மீன். கொளத்தூர் மீன் கடைகள் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீர் நிரம்பியதுமே கை துறுதுறுக்கும். டேங்க் கிளீனர் என்று விற்கிற சக்கர் மீனை விட்டால் அது கரையைக் குடைந்து பெருகும். வெள்ளத்தில் ஏரிக்கும் போய்விடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பே தடை செய்யப்பட்டது. கொசுவுக்காக கம்பூசியா மீனை விடுகிறவர்கள், அது தலைப்பிரட்டையையும் கடித்துக் குதறும் என்பதை நினைக்க வேண்டும். கொசுப்புழுவைத் தின்ன தட்டானின் இளம்புழு தானாகவே வரும், ஒரு மழைக்காலம் கொடுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் நின்று, கொசுப்புழு நெளிந்தால் அயிரை, சின்னக் கெண்டை போன்ற நம் ஊர் மீன்களில் பத்துப் பதினைந்து விட்டால் போதும்.