‘பிக் அப்’ என்பதன் பல பொருள்களை ‘பிடி’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு கற்பது எப்படி?

வேலையில் சேர்ந்த புதிதில், ‘சேல்ஸ் வில் பிக் அப் ஆஃப்டர் மார்ச்’ என்று மேலாளர் எழுதிய மின்னஞ்சலைப் படித்துவிட்டு, விற்பனைப் பிரிவினர் மார்ச் மாதத்திற்குப் பிறகு வந்து சரக்கை எடுத்துச் செல்வார்கள் என்று பொருள்கொண்டு, அனுப்ப வேண்டிய பெட்டிகளை நிறுத்தி வைத்தேன். விற்பனை சூடுபிடிக்கும் என்பதே அவர் எழுதியதன் பொருள். அதன் பின் நான் கைக்கொண்ட முறை இது.

முதல் படி: குறிப்பேட்டில் ‘பிக் அப்’ என்பதற்கு எதிரே ‘எடு’ என்று எழுதியிருந்தால், அதன் அருகில் ‘பிடி’ என்றும் எழுதுங்கள். கீழே விழுந்த பேனாவையும் ஒலிக்கும் தொலைபேசியையும் எடுக்கிறோம். ஆனால் சளி பிடிக்கிறது, ரயில் வேகம் பிடிக்கிறது, வியாபாரம் சூடுபிடிக்கிறது, வானொலி தொலைதூர நிலையத்தைப் பிடிக்கிறது, சொல்லிக்கொடுக்காமலே குழந்தை ஒரு மொழியைப் பிடித்துக்கொள்கிறது, சந்தேகப்பட்டவரைக் காவல்துறை பிடித்துச் செல்கிறது. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ பொருந்தும். அகராதியின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘த விண்ட் பிக்ட் அப்’ என்பதில் அது இல்லை. ஆகவே காற்று வலுத்தது. ஆளைக் குறிக்கும் சொல் வந்தால் பெரும்பாலும் வண்டியில் வந்து அழைத்துச் செல்வது. பால், ரொட்டி போன்றவை வந்தால் போகிற வழியில் வாங்கி வருவது. ‘பில்’ வந்தால் அந்தச் செலவைத் தாமே ஏற்பது.

மூன்றாம் படியில்தான் நான் நெடுநாள் தடுமாறினேன். ‘ஐ வில் பிக் அப் யூ அட் சிக்ஸ்’ என்று பலமுறை எழுதியிருக்கிறேன், அது பிழை. ‘பிக் அப் த பார்சல்’, ‘பிக் த பார்சல் அப்’ ஆகிய இரண்டும் சரியானவை. ஆனால் பார்சலுக்குப் பதிலாக ‘இட்’, ‘ஹிம்’, ‘யூ’ போன்ற பிரதிப்பெயர் வந்தால், அது இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘பிக் இட் அப்’, ‘பிக் யூ அப்’. மாறாக, செயப்படுபொருள் ‘நேற்று வந்த அந்தப் பெரிய பார்சல்’ என்பதுபோல் நீண்டுவிட்டால், அதை நடுவில் திணிக்காமல் இறுதியில் வைப்பதே இயல்பு. விதியை எழுதிப் பார்ப்பதைவிட, ‘பிக் இட் அப்’ என்று பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு தவறான வரிசை காதிலேயே உறுத்தும்.

அகராதிகளில் நான் பரிந்துரைப்பது ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி. செயப்படுபொருளை நடுவிலும் இறுதியிலும் வைக்கலாம் என்பதை அது இருபக்க அம்புக்குறியால் காட்டிவிடுகிறது. ஆங்கிலம்–தமிழ் அகராதியை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அது பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடும்.

பிற்சேர்க்கை: ‘ஷி பிக்ட் அப் ஆன் இட்’ என்ற வாக்கியத்தில் ‘இட்’ ஏன் இறுதியில் நிற்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ‘பிக் அப் ஆன்’ என்றால், பிறர் கவனிக்கத் தவறியதைக் கண்டுகொள்வது. அங்கே ‘இட்’ என்பது ‘ஆன்’ என்ற சொல்லுக்கு உரியது என்பதால் அதன் பின்னரே வரும். மற்றொருவர், ‘ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்’ என்பது சரியா என்று கேட்டார். இந்திய ஆங்கிலத்தில் அது பரவலாக வழங்குகிறது. ஆனால் ‘அப்’ இல்லாத ‘பிக்’ தேர்ந்தெடுப்பதையோ பறிப்பதையோ குறிக்கும் என்பதால், வெளிநாட்டினருக்கு எழுதும்போது ‘ஹி இஸ் நாட் பிக்கிங் அப்’ என்றே எழுதுங்கள்.