ஐஸ் மேல கார் ரேஸா? மொதல்ல இதப் பாத்துட்டுப் போங்க

கனடா, பின்லாந்துன்னு வேலைக்குப் போன நம்ம ராம்நாடு பசங்க ரெண்டு பேரு உறைஞ்ச ஏரி மேல கார் ரேஸ் ஓட்டணும்னு கேட்டானுங்க. தனுஷ்கோடி ரோட்டுல காத்துக்கு மணல் ஏறிக் கெடக்கும்போது சடன் பிரேக் போட்டா வண்டி எப்படி வழுக்கும், ஐஸ் அதுக்கு அப்பன். பழைய வண்டி போதும், முன் சக்கரம் இழுக்குற வண்டின்னா இன்னும் ஈசி. ஆணி வச்ச டயருக்குத் தனிப் பிரிவு இருக்கும், புதுசா வர்றவங்க ஆணி இல்லாததுலயே ஆரம்பிங்க, வேகம் கம்மி, கத்துக்குறது ஜாஸ்தி. பிரேக்க நேரா போறப்பவே போட்டு முடிச்சுட்டு அப்புறம்தான் ஸ்டியரிங்க திருப்பணும், ரெண்டையும் ஒண்ணா செஞ்சா முன் டயருக்குப் பிடியே இல்லாம நேரா பனிக்குவியலுக்குள்ள போய் சொருகிரும். அப்படி இழுத்துட்டுப் போச்சுன்னா ஸ்டியரிங்க இன்னும் ஒடிக்காதீங்க (கை அதத்தான் செய்யும்!), ஆக்சிலேட்டர விட்டுட்டு கொஞ்சம் நேராக்குங்க, பிடி வந்துரும். ஹெல்மெட் கட்டாயம். ரேஸ் நடத்துற கிளப்காரங்க ஐஸ் தடிமன அளந்து சரின்னு சொல்லாம ஏரில வண்டிய எறக்கவே எறக்காதீங்கப்பா.